மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்: தாய்ப்பால் உதவி எங்கே அறுந்துபோகிறது?

காலைப்பணி (இழையைத் தொடங்கியவர்)

பிரசவ வார்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் பாலூட்ட உதவுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசலாம் என்று இந்த இழை.

பால் நிறைய ஊறத் தொடங்குவது பிரசவத்துக்குப் பின் சுமார் 30 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள். சுகப்பிரசவம் ஆனவர் பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறார். மார்பு கனத்துக் கட்டிக்கொள்வது, காம்பு வெடிப்பது, குழந்தையின் எடை கீழ்மட்டத்தைத் தொடுவது, மஞ்சள் காமாலை ஏறுவது, எல்லாமே நம் கண்ணுக்கு மறைவான அந்த நாட்களில்தான்.

வார்டில் நாம் பார்ப்பது சீம்பாலை மட்டும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மி.லி., இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60. முதல் நாளின் 5 மி.லி.யை, லாட்ச் (குழந்தை வாயால் மார்பைப் பற்றும் விதம்) சுமாராக இருந்தாலும் குழந்தை எடுத்துவிடும். நான்காம் நாளின் 45 மி.லி.யை அப்படி எடுக்க முடியாது. அப்படியிருக்க, டிஸ்சார்ஜ் தாளில் 'லாட்ச் நன்று' என்று எழுதிக் கொடுத்தால் அது எத்தனை நாளைக்குச் செல்லும்?

என் கேள்வி இரண்டு. வீட்டுக்கு அனுப்பும் முன் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்? 'பால் பத்தவில்லை', 'நாக்கு ஒட்டு' (நாக்கடி மடிப்பு இறுக்கமாக இருப்பது), 'பூஞ்சை' என்று ஏதோ ஒரு பெயரோடு திரும்பி வருகிறவர்களிடம் எங்கிருந்து தொடங்குவது?

தாரை

இரண்டுக்கும் ஒரே பதில்: ஒரு வேளைப் பாலூட்டலை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். அதைப் பார்க்காமல் எந்தப் பெயரும் வைக்க வேண்டாம். நடைமுறையில் பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, குழந்தை வாயில் வைத்துக்கொண்டதும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். தவறு தெரிவது அதற்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் பார்க்க வேண்டியது: குழந்தையின் வயிறு தாயின் உடலோடு ஒட்டியிருக்கிறதா, காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, மூக்கு காம்புக்கு நேரே இருக்கிறதா. தலை சற்றே பின்னால் சாய்ந்து, தாடை முதலில் மார்பில் பட வேண்டும். வாய் பற்றிய பிறகு கருவட்டம் (காம்பைச் சுற்றிய கருநிறப் பகுதி) மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழுதட்டுப் பக்கம் குறைவாகவும் தெரிய வேண்டும். உதவுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு குழந்தையின் பின்னந்தலையைப் பிடித்து மார்பில் அழுத்துவது. அழுத்தினால் கழுத்து முன்னால் மடங்கும், தாடை நெஞ்சில் இடிக்கும், வாய் அகலமாகத் திறக்காது, குழந்தை எதிர்த்துத் தள்ளும். பிடி தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தின் அடியிலும் இருக்கட்டும்.

நடுவில் கவனிக்க வேண்டியது விழுங்கல். முதலில் சின்னச் சின்ன வேகமான உறிஞ்சல். பால் இறங்கியதும் தாளம் மாறும்: தாடை கீழே ஆழமாகப் போய், ஒரு கணம் நின்று, மேலே வரும். பால் ஊறிய பிறகு ஒன்று அல்லது இரண்டு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் கேட்க வேண்டும். வாய் அசைவதையே குடிப்பதாக எண்ணுவதால்தான் '40 நிமிடம் குடித்தான்' என்று குறிப்பில் ஏறிவிடுகிறது.

கடைசியில் காம்பு வெளியே வரும் வடிவம். உருண்டையாக, சற்று நீண்டு வந்தால் சரி. ஒரு பக்கம் சரிவாக, புது லிப்ஸ்டிக்கின் முனை போல வந்தால் அது மேலண்ணத்தின் கடினமான பகுதியில் அழுந்தியிருக்கிறது.

லாட்ச் மதிப்பெண் முறையில் ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. பயன் உண்டு, ஆனால் அது பால் எவ்வளவு போனது என்று சொல்லாது. ஐந்தில் விழுங்கும் ஒலி ஒன்றுதான் அதை நெருங்குகிறது. மற்ற நான்கிலும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, விழுங்கலில் 0 வாங்கினாலும் மொத்தம் 8 வரும். அந்த 8 பார்க்கத் தைரியம் தரும், அதுதான் ஆபத்து.

சிறுகுரல்

பச்சிளங்குழந்தைப் பிரிவின் பக்கத்திலிருந்து சில எண்கள்.

எடை 10 சதவீதம் குறைந்தால் உடனே மாவுப்பால் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. 10 சதவீதம் என்பது 'இப்போதே பாலூட்டலைப் பார், தேவைப்பட்டால் ரத்தத்தில் சோடியமும் பிலிருபினும் (காமாலையின் மஞ்சள் நிறமி) பார்' என்பதற்கான எல்லை. மாவுப்பாலுக்கான சீட்டு அல்ல. பிரசவத்துக்கு முந்தைய மணி நேரங்களில் தாய்க்கு நரம்பு வழியாக நிறையத் திரவம் ஏற்றியிருந்தால் குழந்தை அந்த நீரையும் சேர்த்துக்கொண்டு பிறக்கும், முதல் 24 மணி நேரத்தில் சிறுநீராக இழந்துவிடும். அந்த இழப்பைப் பசிக்கணக்கில் எழுதக் கூடாது. சிசேரியன் குழந்தைகள் எடையைக் கூடுதலாக இழந்து, மெதுவாக மீட்கும். எனவே ஒற்றை எண்ணைவிட மணிக்கணக்கோடு சேர்த்துப் பார்க்கும் வளைகோடு மேல்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 7 சதவீத இழப்புதான், ஆனால் நான்காம் நாளும் மலம் கறுப்பாகவே இருக்கிறது, டயபரில் செங்கல் நிறத் துகள் தெரிகிறது என்றால் அந்தக் குழந்தை குடிக்கவில்லை. நான்காம் நாளில் மலம் மஞ்சளுக்கு மாறி மூன்று நான்கு முறையாவது போக வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 ஈர டயபர். பிறந்த எடையை 10 முதல் 14 நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும்.

'தொந்தரவே இல்லை, நாலு மணி நேரம் தூங்குகிறான்' என்று வீட்டார் மகிழ்ச்சியோடு சொன்னால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். நீர்ச்சத்து குறைந்து சோடியம் ஏறிய குழந்தை அழுவதில்லை, தூங்கித்தான் போகும். 34 முதல் 36 வாரங்களில் பிறந்தவர்களிடம் இது இன்னும் கூடுதல். உருவம் நிறைமாதக் குழந்தை போல இருக்கும், உறிஞ்சும் வலு இருக்காது, நடுவிலேயே களைத்துத் தூங்கிவிடும். அவர்களுக்குத் 'தேவைக்கேற்ப' என்ற அறிவுரை பொருந்தாது. எழுப்பி, 24 மணி நேரத்தில் குறைந்தது 8 முறை.

வார்டில் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை குறைந்தால் பாலை நிறுத்தத் தேவையில்லை. 40% டெக்ஸ்ட்ரோஸ் ஜெல், கிலோவுக்கு 0.5 மி.லி. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்திவிட்டு ஜெல்லைத் தேய்க்க வேண்டும், பிறகு உடனே மார்பில் போட வேண்டும், குறித்த நேரத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும். உலர்த்தாமல் தடவினால் எச்சிலோடு வழிந்துவிடும், 'ஜெல் வேலை செய்யவில்லை' என்று பெயர் வரும்.

இன்னொன்று, பிறந்ததும் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துப் போடும்போது யாராவது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் திறந்து, கழுத்து மடங்காமல், முதுகில் துணி போர்த்தி. முதல் இரண்டு மணி நேரத்தில் மூச்சையும் நிறத்தையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று இதை விட்டுவிடவே கூடாது.

வீட்டுவருகை

சிறுகுரல் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நாள் குறிப்பதைப் பற்றி மட்டும்: 'ஒரு வாரம் கழித்து வாருங்கள்' என்பது தப்பான தேதி. டிஸ்சார்ஜிலிருந்து 48 மணி நேரத்துக்குள், அதாவது பிறந்து 3 முதல் 5 நாளுக்குள் எடை பார்த்து, ஒரு வேளைப் பாலூட்டலும் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் வருகிறபோது வீட்டில் ஏற்கெனவே புட்டி வந்திருக்கும், மார்பு தளர்ந்திருக்கும்.

ஆனால் பாலூட்டலுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று காரணம். பொதுவான தராசு 10 கிராம் அல்லது 20 கிராம் படியில்தான் காட்டும், இதற்கு 2 கிராம் துல்லியம் வேண்டும். ஒரே வேளையின் எண் எதையும் நிரூபிக்காது: நன்றாக வளரும் 1 முதல் 6 மாதக் குழந்தைகளை அளந்தபோது ஒரு வேளைக்கு ஒன்றுமே இல்லாததிலிருந்து 240 கிராம் வரை எடுத்திருக்கிறார்கள். நாள் மொத்தம் சராசரி 790 கிராம் அளவில், ஆனால் 480க்குக் கீழிருந்து 1,350க்கு மேல்வரை. மூன்றாவது, தாய் எண்ணைப் பார்க்கத் தொடங்கினால் குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்.

தாரை

மூன்றாவது காரணம் உண்மை. ஆனால் கருவியின் மீது பழி போட வேண்டாம், எப்போது எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. எடை ஏறாத குழந்தைக்கும், கூடுதல் பாலைக் குறைக்கப் போகும்போதும், குறைமாதக் குழந்தையைக் குழாயிலிருந்து மார்புக்கு மாற்றும்போதும் அளந்துதான் ஆக வேண்டும். அதே உடை, அதே டயபர், நடுவில் மாற்றக் கூடாது. 1 கிராம் என்பது ஏறத்தாழ 1 மி.லி. முடிந்தால் 24 மணி நேரத்து வேளைகள் எல்லாம், முடியாவிட்டால் வெவ்வேறு நேரத்தில் இரண்டு மூன்று. எண்ணைத் தாயிடம் சொல்லும்போது அதன் அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அளக்காமல் விட்டால் நடப்பது இதுதான்: 'மார்பில் விடு, பிறகு கூடுதலாகக் கொடு, பிறகு பம்ப் செய்' என்ற மும்முறைத் திட்டத்தை எழுதிக் கொடுக்கிறோம். மார்பில் 30 நிமிடம், கூடுதல் பாலுக்கு 20, பம்புக்கு 20, கழுவ 15. ஆக 85 நிமிடம். நாளுக்கு 8 முறை என்றால் 11 மணி 20 நிமிடம். இதை முடிவுத் தேதி இல்லாமல் எழுதுவது கொடுமை. என் அளவுகோல்: மொத்தச் சுற்று 60 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மார்பில் விழுங்கல் நின்றதும் எடுத்துவிட வேண்டும், கூடுதல் பாலை இன்னொருவர் கொடுக்க அதே நேரத்தில் தாய் பம்ப் செய்ய வேண்டும், 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபரிசீலனை. அந்தத் தேதியும் நேரமும் தாளிலேயே இருக்க வேண்டும்.

கூடுதல் பால் என்றால் முதலில் தாயின் சொந்தப் பால், அடுத்து பால் வங்கியிலிருந்து பதப்படுத்திய தானப்பால், அதற்கும் வழியில்லை என்றால் மாவுப்பால். கொடுக்கும் விதம் அளவைப் பொறுத்தது: 5 மி.லி.க்குக் கரண்டி அல்லது பாலாடை போதும், மார்பிலேயே குடிக்கக் கூடியவர்களுக்குக் காம்போரம் ஒட்டிய மெல்லிய குழாய், அளவு கூடினால் புட்டியைக் கிடையாகப் பிடித்து இடைவெளி விட்டு.

நாவடி

நாக்கு ஒட்டு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நாக்குக்கு அடியில் மடிப்பு இருப்பது இயல்பு, எல்லோருக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிறது என்பது வெட்டக் காரணமாகாது. நாக்கு மேலே எவ்வளவு உயர்கிறது, கீழ் ஈறைத் தாண்டி நீள்கிறதா, விரலைச் சுற்றிக் குழிவாக மடிகிறதா, பக்கவாட்டில் திரும்புகிறதா என்று இயக்கத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024இல் வெளியிட்ட அறிக்கையும் முதலில் பாலூட்டல் உதவி, பிறகுதான் வெட்டுவது என்ற வரிசையைத்தான் சொல்கிறது. மேலுதட்டு மடிப்பை வெட்டுவதற்குப் பாலூட்டல் சார்ந்த ஆதாரம் இல்லை.

அதே அறிகுறியைத் தரும் வேறு காரணங்கள்: கழுத்துத் தசை ஒரு பக்கம் இழுத்திருப்பது, சிறிய கீழ்த்தாடை, தசை வலுக்குறைவு, பால் வேகமாகப் பீறிடுவதால் குழந்தை கடித்துத் தடுப்பது. இடது மார்பில் மட்டும் வலி என்றால் நாக்கைவிடக் கழுத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெட்டுவதுதான் சரி என்று முடிவானால்: வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்று பதிவைப் பாருங்கள், குடும்பத்தில் ரத்தப்போக்கு நோய் உண்டா என்று கேளுங்கள். நாக்கை உயர்த்திப் பிடித்து, மெல்லிய மடிப்பை மட்டும், உமிழ்நீர் நாளங்களின் வாயையும் நரம்பையும் தவிர்த்து. முடிந்ததும் உடனே மார்பில் விட வேண்டும், ரத்தம் நிற்கவும் அதுவே உதவும். லேசர் கூடுதலாக எதையும் தந்துவிடாது. வெட்டிய இடத்தை நாள்தோறும் பலமுறை விரலால் தேய்த்து நீட்டும் பயிற்சிக்கு ஆதாரம் போதாது. வாயைத் தொட்டாலே அலறி மார்பை மறுக்கும் குழந்தையை அது உருவாக்கக்கூடும்.

காலைப்பணி

நன்றி. அடுத்தது பால் கட்டி. சூடு ஒத்தடம் கொடு, கட்டியை அழுத்தித் தேய், முழுக்கக் காலி செய் என்றே இன்னும் பல வார்டுகளில் சொல்லித் தருகிறார்கள்.

மார்பகநலம்

அதை மாற்றிக்கொள்ள வேண்டும், சிஸ்டர். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022இல் வெளியிட்ட 36ஆம் நெறிமுறை இதையெல்லாம் ஒரே தொடராகப் பார்க்கிறது: நாளத்தைச் சுற்றிய வீக்கம், பிறகு அழற்சி, பிறகு நுண்ணுயிர்த் தொற்று, கடைசியில் சீழ்க்கட்டி. 'அடைப்பு' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் உள்ளே சிக்கிய தக்கை அல்ல. சுற்றியுள்ள திசு வீங்கி நாளத்தை நெருக்குகிறது. அதை அழுத்தித் தேய்த்தால் திசு இன்னும் காயப்பட்டு வீக்கம் கூடும். முழுக்கக் காலி செய்ய வேண்டும் என்று கூடுதலாகப் பம்ப் செய்தால் மறுநாள் இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

செய்ய வேண்டியது: குளிர் ஒத்தடம், ஐபுப்ரோஃபென் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரை (வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு), குழந்தை கேட்கும் அளவுக்கு மட்டும் பாலூட்டல், அக்குளை நோக்கித் தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு மென்மையான தடவல். 24 மணி நேரம் தாண்டியும் காய்ச்சலும் சிவப்பும் குறையாவிட்டால் ஆன்டிபயாடிக்: ஃப்ளூக்ளாக்ஸாசிலின், டைக்ளாக்ஸாசிலின் அல்லது செஃபலெக்ஸின் 500 மி.கி., நாளுக்கு 4 முறை, 10 முதல் 14 நாள். 48 மணி நேரத்தில் மாற்றமில்லை என்றால் பால் கல்ச்சர் (பாலில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை), அல்ட்ராசவுண்ட். சீழ்க்கட்டியை வடித்தாலும் அந்த மார்பில் பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை. திடீரென நிறுத்துவதுதான் நிலைமையைக் கெடுக்கும்.

மூன்றாம் நாள் வீக்கம் இதிலிருந்து வேறு. கருவட்டம் நீர்கோத்து, குழந்தை வாய் வைக்க இடமில்லாமல் கல்லாக இருக்கும்போது, விரல்நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து நெஞ்சை நோக்கி 30 முதல் 60 விநாடி அழுத்திப் பிடித்து, விரலை இடம் மாற்றித் திரும்ப அழுத்துங்கள். நீர் பின்னால் நகர்ந்து கருவட்டம் மெத்தென்றாகும். உடனே குழந்தையைப் போடுங்கள். அந்த நேரத்தில் பம்பை வைத்தால் நீர் இன்னும் முன்னால் இழுபடும்.

குழாயும்வால்வும்

பம்ப் பேச்சு வந்துவிட்டதால். பெட்டியோடு வரும், மார்பில் பொருத்தும் புனல் பெரும்பாலும் 24 மி.மீ. அது எல்லோருக்குமான அளவல்ல. பம்ப் செய்வதற்கு முன் காம்பின் அடிப்பகுதியின் அகலத்தை அளவுகோலில் பாருங்கள், கருவட்டத்தைச் சேர்க்காமல். அந்த அளவிலிருந்து 3 மி.மீ. கூடுதல் வரை வைத்துப் பார்த்து, வலியும் பால் வருவதும் எப்படி என்று ஒப்பிடுங்கள். கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டு வீங்கினால் புனல் பெரிது. காம்பு சுவரில் உரசி வெளுத்தால் சிறிது. இடமும் வலமும் வெவ்வேறாக இருக்கலாம்.

உறிஞ்சும் விசையை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். வலித்தால் பால் இறங்குவது தடைபடும். வலிக்காத உச்சம்தான் சரியான உச்சம்.

பால் 'திடீரெனக் குறைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், மருந்துச்சீட்டு எழுதும் முன் வாத்து அலகு போன்ற அந்தச் சிலிக்கோன் வால்வைக் கையில் வாங்கிப் பாருங்கள். நுனிப் பிளவு திறந்தே நின்றாலோ கிழிந்திருந்தாலோ உறிஞ்சும் விசை போய்விடும், மோட்டார் சத்தம் மட்டும் பழையபடியே இருக்கும். நாளுக்குப் பலமுறை பயன்படுத்துகிறவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கழுவும்போது உள்ளே பிரஷை நுழைத்தால் பிளவு அகன்றுவிடும்.

குறைமாதக் குழந்தையின் தாய்க்கு: முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 24 மணி நேரத்தில் 8 முறைக்குக் குறையாமல், இரவிலும் ஒருமுறை. முதல் மூன்று நாள் பம்போடு கையாலும் பீய்ச்ச வேண்டும். 2 மி.லி. சீம்பால் பம்பின் சுவரில் ஒட்டியே வீணாகிவிடும், கையால் கரண்டியிலோ சிரிஞ்சிலோ எடுத்தால் அப்படியே கிடைக்கும். 14ஆம் நாளுக்குள் நாளுக்கு 500 மி.லி.யைத் தாண்டுவது இலக்கு.

சிறுகுரல்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். 72 மணி நேரம் தாண்டியும் மார்பு கனக்கவில்லை என்றால் அது தாமதம். முதல் பிரசவம், சிசேரியன், நீரிழிவு, உடல் பருமன், அதிக ரத்தப்போக்கு எல்லாம் காரணமாகலாம். ரத்தப்போக்கு தொடர்ந்தால் நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இருக்கும்வரை சுரப்பு முழுதாகத் தொடங்காது. பாலில் சோடியம் அளக்கும் வசதி இருக்கும் இடங்களில் அது நல்ல துப்பு: சுரப்பு முழுமையாகத் தொடங்கியதும் சோடியம் கீழே இறங்கும். மார்பழற்சியிலும் ஏறும் என்பதால் மார்பைத் தொட்டுப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

கர்ப்பத்தில் மார்பு மாறவே இல்லை, இரு மார்புகளுக்கும் இடையில் 4 செ.மீ.க்கு மேல் இடைவெளி, குழாய் வடிவம் என்றால் சுரப்பித் திசுவே குறைவாக இருக்கலாம். அந்தத் தாயிடம் 'இன்னும் அடிக்கடி கொடுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். கிடைக்கும் பாலும் மதிப்புள்ளது, மீதியைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் வேறு வழியில் கொடுக்கலாம் என்று நேராகச் சொல்ல வேண்டும்.

மருந்தகம்12

பால் சுரப்பை ஏற்றவும் எழுதித் தரப்படும் வாந்தி மாத்திரையான டோம்பெரிடோன் பற்றி. பால் வெளியேறும் வழி சரியாகாமல் சுரப்பை ஏற்றும் மாத்திரை பயன் தராது. இதயத்தின் கியூடி இடைவெளியை (இ.சி.ஜி.யில் தெரியும் ஓர் அளவு, அது நீண்டால் துடிப்பின் தாளம் தவறலாம்) நீட்டும் என்பதால் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இலேயே எச்சரித்தது, ஐரோப்பிய முகமை 2014இல் 10 மி.கி., நாளுக்கு 3 முறை என்று வரம்பு போட்டது. அங்கே அந்த வரம்பும் வாந்திக்கானது, பால் சுரப்புக்கு அல்ல. எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் ஆபத்து கூடும். 'பூஞ்சை' என்று ஃப்ளூகோனசோலும் 'பால் பத்தவில்லை' என்று டோம்பெரிடோனும் ஒருவருக்கே இரண்டு பிரிவுகளிலிருந்து வரும் வாய்ப்பு உண்டு. சீட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை வரலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மறுபக்கம், தேவையில்லாமல் நிறுத்தச் சொல்வது. மயக்க மருந்துக்குப் பிறகு தாய் விழித்துத் தெளிந்ததும் பாலூட்டலாம். ஸ்கேனுக்கான அயோடின் சாய ஊசிக்குப் பாலைக் கறந்து கொட்ட வேண்டியதில்லை. குழந்தைக்குக் கிலோவுக்குப் போகும் அளவு, தாய் கிலோவுக்கு எடுக்கும் அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பெரும்பாலான மருந்துகள் ஏற்கத்தக்கவை. கதிரியக்க அயோடின் 131, புற்றுநோய் மருந்துகள் வேறு கதை. கோடீனும் டிராமடாலும் தவிர்க்க வேண்டியவை, சிலர் உடலில் அவை வேகமாக வீரியமான பொருளாக மாறிக் குழந்தையின் மூச்சைத் தாழ்த்தும்.

வீட்டுவருகை

பூஞ்சை என்று வருகிறவர்களில் ஒரு பகுதிக்குக் காம்பின் ரத்தநாளச் சுருக்கம்தான் இருக்கும். குளிரில் அல்லது குழந்தை வாயை எடுத்ததும் காம்பு வெளுத்து, நீலமாகி, சிவக்கும், கூடவே குத்தும் வலி. பூஞ்சை மருந்து இதற்கு ஒன்றும் செய்யாது. லாட்சைத் திருத்தி, உடனே ஈரமில்லாத சூடு வைத்து, பிறகும் அடங்காவிட்டால் மருத்துவர் நிஃபெடிபின் (ரத்தநாளத்தைத் தளர்த்தும் மருந்து) யோசிக்கலாம். வெளுக்கிறதா என்று கேட்பதைவிட நிறமாற்றத்தை அந்த வேளை முடியும்போதே கண்ணால் பார்ப்பது நல்லது. தாரை சொன்ன அதே முழு வேளை.

காலைப்பணி

ஒன்றுதான் மீதி. கூடுதல் பாலைத் தொடங்குவது எல்லோருக்கும் தெரிகிறது, நிறுத்துவது எப்படி?

தாரை

குழந்தை நாளுக்கு 25, 30 கிராம் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் தொடங்க வேண்டும். எல்லா வேளையிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்காமல், மார்பு நிறைந்திருக்கும் காலை வேளையின் கூடுதலை மட்டும் முதலில் எடுங்கள். மூன்று நாள் கழித்து அதே தராசில், உடையில்லாமல் எடை. ஏற்றம் நின்றுவிடாமல் இருந்தால் அடுத்த காலை வேளை, பிறகு பகல். மாலைதான் கடைசி, அப்போதுதான் பால் மெல்ல வரும், குழந்தையும் சிணுங்கும். நாளுக்கு 20 கிராமுக்குக் கீழே இறங்கினால் கடைசியாக எடுத்ததைத் திரும்பச் சேர்த்து, 48 மணி நேரத்தில் மறுபடி எடை போட்டு, அன்றைக்கு ஒரு வேளையை உட்கார்ந்து பாருங்கள்.